பரணில் கிடக்கும் கல்கத்தா கார்

ஜப்பானின் பாப்பி நிறுவனம் 1974-இல் கொண்டுவந்த மாஜிங்கர் ரோபோ உலோகப் பொம்மைக்கு இன்றும் உலகெங்கும் கிராக்கி. எப்போதோ மூடிப்போன புல்மார்க் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பொம்மைகளைக்கூடத் தேடித்தேடி வாங்குகிறார்கள். அந்த மரியாதை நம் நாட்டு நிக்கி கார்களுக்கும் கிடைக்க வேண்டும். பிரிட்டனின் டிங்கி டாய்ஸ் பயன்படுத்தி முடித்த அச்சுகளை வாங்கி, 1960-களின் பிற்பகுதியில் கல்கத்தாவில் வார்த்தெடுத்தவை இவை. ஒன்றைக் கவிழ்த்துப் பாருங்கள்: அடித்தகட்டில் டிங்கி என்ற பெயரை அழித்துவிட்டு நிக்கி என்று மாற்றியிருப்பார்கள். அச்சு தேய்ந்திருந்ததால் விளிம்பில் பிசிறு தட்டும், பெயின்ட் தடித்திருக்கும். இதைச் சொல்லி மட்டமான சரக்கு என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இறக்குமதிப் பொம்மை எட்டாத காலத்தில் நம் பிள்ளைகள் கையில் உருண்டவை இவைதாம். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் 20 வேன்கூட நிக்கியில் பொம்மையாக வந்தது!

பள்ளிவாசல் கிராமம் போன்ற மழை ஊர்களில் இவற்றை வைத்திருப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். இந்தக் கார்களின் உலோகம் துத்தநாகக் கலவை. வார்க்கும்போது ஈயம் கலந்துவிட்டால், காற்றின் ஈரம் உலோகத்தை உள்ளுக்குள்ளேயே அரிக்கும். முதலில் மயிரிழை வெடிப்பு தெரியும். பிறகு உடல் வீங்கி, உதிர்ந்துபோகும். அதற்கு மருந்து கிடையாது, தள்ளிப்போடத்தான் முடியும். மழைக்காலத்தில் அட்டைப்பெட்டியில் பொத்திவைக்காமல், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். புதுசாக்குகிறேன் என்று பெயின்ட் மட்டும் அடித்துவிடாதீர்கள்.