மற்போர் வீரரும் ஊரார் கடமையும்

மார்கழி கழியுமுன்னரே புதுக்கோட்டை ஜில்லாவில் வாடிவாசல்களுக்கு வேலி கட்டத் தொடங்கிவிடுகிறார்கள். கந்தர்வகோட்டைப் பக்கத்துத் தச்சன்குறிச்சியில் முதற்காளை அவிழ்ந்தால், அப்புறம் கோடை வரையில் ஊருக்கு ஊர் ஜல்லிக்கட்டுத்தான். 2019-ஆம் ஆண்டு ஜனவரியில் விராலிமலையில் ஒரே நாளில் 1,300-க்கு மேற்பட்ட காளைகள் அவிழ்த்துவிடப்பட்டதையும், அன்று இருவர் உயிரிழக்க நேர்ந்ததையும் நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காளையின் திமிலைத் தழுவி நின்ற வாலிபனுடைய பெயர் அன்று மாலை ஒலிபெருக்கியில் முழங்குகிறது. பரிசு கைக்கு வருகிறது. தோளில் மாலை விழுகிறது. ஆனால் அதே வாலிபன் ஆடி மாதத்தில் எப்படியிருக்கிறான், அவன் விலா எலும்பு கூடிற்றா, அவன் வீட்டில் அடுப்பு எரிகிறதா என்று கேட்பவர் எத்தனை பேர்? ஒரு நாள் ஆர்ப்பரித்து ஓராண்டு மறந்திருப்பது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கம் நல்லதன்று என்பதே இன்று நாம் சொல்ல வந்தது.

இதை இப்பொழுது எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. சிலம்பம், கபடி, குத்துச்சண்டை ஆகியவற்றில் பழகிய நமது வாலிபர்களின் கவனம் அண்மைக் காலத்தில் ஒரு புதிய கோதாவை நோக்கித் திரும்பியிருக்கிறது. ‘மிக்ஸட் மார்ஷியல் ஆர்ட்ஸ்’ என்றும், சுருக்கமாக ‘எம்.எம்.ஏ.’ என்றும் வழங்கும் கலப்புச் சண்டைப் போட்டியே அது. கைக்குத்து, கால் உதை, மல்யுத்தம், ஜூடோ முதலிய பல வித்தைகளையும் ஒரே களத்தில் கலந்து பொருதும் முறை இது. 1993-ஆம் ஆண்டு நவம்பரில் அமெரிக்காவின் டென்வர் நகரில் யு.எப்.சி. என்னும் ஸ்தாபனம் முதற்போட்டி நடத்தியபோது விதிகள் மிகச் சில. அதைக் காட்டுமிராண்டித்தனம் என்று கண்டித்தவர் பலர். பின்னர் விதிகள் வகுக்கப்பட்டன. எடைப்பிரிவுகள் ஏற்பட்டன. ஐந்து நிமிஷம் கொண்ட சுற்றுகள் மூன்று, பட்டப்போட்டியானால் ஐந்து, என்று கால அளவும் ஏற்பட்டது. 2026-ஆம் ஆண்டு ஜப்பானின் ஐச்சி-நகோயா ஆசிய விளையாட்டுகளின் பட்டியலிலும் இதற்கு இடம் தரப்பட்டது.

அஹிம்ஸையைப் போதித்த நாட்டில் இத்தகைய சண்டை தகுமா என்று கேட்பவரும் உண்டு. அக்கேள்வியை நாம் அலக்ஷியம் செய்யவில்லை. ஆயினும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இப்போட்டியில் பிடியில் அகப்பட்டவன் எதிரியின் உடலையோ தரையையோ கையால் தட்டினால் அக்கணமே சண்டை நின்றுவிடுகிறது. தட்டியவனை யாரும் கோழை என்பதில்லை. தட்டியபின் பிடியை விடாதவனையே உலகம் இகழ்கிறது. சமமான எடையுள்ள இருவர், மத்தியஸ்தர் முன்னிலையில், விதிக்குக் கட்டுப்பட்டுப் பொருதுவது ஒன்று. தெருமுனையில் கத்தியெடுப்பது மற்றொன்று. முன்னதைப் பழகியவன் பின்னதற்கு எளிதில் துணியான். தேகபலமும் மனக்கட்டுப்பாடும் உள்ள வாலிபர் கூட்டம் எந்தத் தேசத்துக்கும் செல்வமே. ஆதலின் நம் கேள்வி இந்தச் சண்டை வேண்டுமா, வேண்டாமா என்பதன்று. இதில் இறங்கத் துணிந்த ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஊரார் என்ன துணை என்பதே.

இத்தொழிலில் ஏறும் படிகள் எத்தகையன என்பதை அறிந்தாலன்றி இதன் அவசியம் விளங்காது. முதலில் சம்பளமில்லாத போட்டிகள். அவற்றில் தேறியவன் தொழில்முறைக் களத்துக்குப் போகிறான். அங்கே ஒவ்வொருவனுக்கும் ஒரு கணக்கு ஏற்படுகிறது. இத்தனை வெற்றி, இத்தனை தோல்வி என்று. அக்கணக்கு அழியாது. பந்தயம் நடத்துவோர் அதைப் பார்த்தே அடுத்த போட்டியைக் கொடுக்கிறார்கள். இங்கேதான் சூழ்ச்சிக்கு இடமிருக்கிறது. பெரிய பெயருள்ள ஒருவனது வெற்றிக் கணக்கைக் கூட்டுவதற்காக, கேட்பாரில்லாத ஊர்ப்பிள்ளை ஒருவனை, போதிய பயிற்சிக்கு அவகாசம் தராமல் அழைத்து வந்து நிறுத்திவிடுவது இத்தொழிலில் புதிதன்று. தனக்கென ஒரு கூட்டம் இல்லாதவன் பலியாடாகிறான். தன்னை ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற பலம் உள்ளவனோ, ‘இந்த ஒப்பந்தம் வேண்டாம்’ என்று சொல்லக்கூடியவனாகிறான்.

நம் தேசத்தார் இத்துறையில் சோடை போகவில்லை. உத்தரப் பிரதேசத்தின் முஸபர்நகர்ப் பகுதியிலிருந்து சென்ற பூஜா தோமர் என்ற பெண்மணி, 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அமெரிக்காவின் லூயிவில் நகரில் யு.எப்.சி. களத்தில் வெற்றி பெற்றார். அக்களத்தில் வென்ற முதல் இந்தியப் பிரஜை அவரே. உத்தராகண்டத்து அன்ஷுல் ஜூப்லி 2023-ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆசிய வீரர்களுக்கான தேர்வுப் பந்தயத்தில் வென்று அதே ஸ்தாபனத்தின் ஒப்பந்தத்தைப் பெற்றபோது, அவரைப் புகழாத பத்திரிகையில்லை. அவ்வாண்டு அக்டோபரில் அவர் தோற்றார். 2025 பிப்ரவரியில் ஸிட்னி நகரில் 19 வினாடிகளில் மறுபடியும் தோற்றார். முன்பு தோளில் தூக்கியவர்களிற் பலர் ஏளனம் பேசத் தொடங்கினர். பத்தொன்பது வினாடிக்குப் பின்னால் எத்தனை ஆண்டு உழைப்பிருந்தது என்று எண்ணிப் பார்க்க அவர்களுக்கு அவகாசமில்லை.

கடல் கடந்த தமிழர் ஒருவரின் சரித்திரத்தையும் இங்கே கூறவேண்டும். நமது சீமையிலிருந்து மலாயா போய்க் குடியேறிய குடும்பங்கள் பல. அந்நாட்டுத் தமிழரின் நல்லது கெட்டது நமக்கு அந்நியமன்று. கோலாலம்பூரைச் சேர்ந்த அகிலன் தணி, பருத்த உடலை இளைக்கச் செய்ய வேண்டுமென்று பயிற்சிக்கூடம் புகுந்தவர். படிப்படியாக ஏறித் தோல்வியறியாத வீரரானார். 2017-ஆம் ஆண்டு மே மாதம் சிங்கப்பூரில் ‘ஒன் சாம்பியன்ஷிப்’ ஸ்தாபனத்தின் பட்டத்துக்காக அமெரிக்க மல்லர் பென் ஆஸ்க்ரெனை எதிர்த்தார். எதிரியோ ஒலிம்பிக் மல்யுத்தம் கண்டவர். நமது வாலிபருக்கு அப்பொழுது வயது 21. முதற் சுற்றிலேயே தோல்வி. அத்துடன் கதை முடிந்ததென்று கணக்கை மூடியவர்கள், 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஷாங்காயில் நடந்ததைக் காணத் தவறினார்கள். ஜப்பானின் புகழ்பெற்ற வீரர் யோஷிஹிரோ அகியாமாவை எதிர்த்து, மூன்று சுற்றும் நின்று, நடுவர் அனைவரின் ஏகமனதான தீர்ப்பால் அவர் வென்றார். பட்டப்போட்டியுடன் பார்வையைத் திருப்பிக்கொண்டவனுக்கு இந்த வெற்றியின் சுவை தெரியாது.

நிற்க, நம் ஜில்லாவின் சரித்திரத்துக்கு வருவோம். புதுக்கோட்டை தனி ஸமஸ்தானமாயிருந்த நாளிலேயே இங்கே தேகப்பயிற்சிக்குக் குறைவில்லை. நாடகக் கம்பெனிச் சிறுவனாகத் தொடங்கி, சிலம்பமும் பளு தூக்குதலும் கற்று, 1940-இல் ‘உத்தமபுத்திரன்’ படத்தில் இரட்டை வேடமேற்று நாடறிந்த பி. யு. சின்னப்பா இவ்வூர்ப் பிள்ளையே. அவர் கற்ற கம்பு வீச்சுக்கு நாடகமேடையும் சினிமாவும் சோறு போட்டன. அந்த மேடை கிடைக்காத கம்புக்காரர்கள் எத்தனை பேரோ! வித்தை இருந்தது, வித்தையால் வாழும் வழி இருக்கவில்லை.

மற்றோர் உதாரணம் நம் மனத்தை உறுத்துவது. அது சண்டைக் களத்தைச் சேர்ந்ததன்று, ஓட்டப்பந்தயத்தைச் சேர்ந்தது; ஆயினும் நாம் கூறும் நீதிக்கு அதைவிடப் பொருத்தமானது வேறில்லை. கத்தக்குறிச்சி கிராமத்தில் செங்கல் சூளைத் தொழிலாளரின் மகளாய்ப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன், 2006-ஆம் ஆண்டு டிசம்பரில் டோஹா ஆசிய விளையாட்டுகளில் 800 மீட்டர் ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றார். பாலினச் சோதனை ஒன்றைக் காரணங்காட்டி அப்பதக்கம் பறிக்கப்பட்டது. ஒரு மனுஷியின் அந்தரங்கம் உலகத்தின் பேச்சாயிற்று. அப்போதைய தமிழ்நாடு சர்க்கார் 15 லட்சம் ரூபாய் பரிசளித்தது. அப்பணத்தை அவர் என்ன செய்தார்? ஏழைப் பிள்ளைகளுக்கு ஓட்டம் கற்பிக்கப் புதுக்கோட்டையில் பயிற்சிக்கூடம் நடத்தினார். பின்னர் கைப்பொருள் வற்றி, ஆசியாவின் பந்தயத்தில் ஓடிய அந்தக் கால்கள் தினக்கூலிக்காகச் செங்கல் சூளையை மிதிக்க நேர்ந்தது. பல ஆண்டுகளுக்குப் பின்னரே பயிற்சியாளர் பதவி அவருக்குக் கிட்டியது. அவர் ஊர்ப்பிள்ளைகளைத் தொடர்ந்தார்; ஊர் அவரைத் தொடர்ந்ததா? இக்கேள்வியைப் பிறர்மேல் வீசிவிட்டுத் தப்ப நாம் விரும்பவில்லை. பதக்கத்தன்று கொட்டை எழுத்தில் பெயர் அச்சிட்ட பத்திரிகைகளாகிய நமக்கும் இதில் பங்குண்டு.

தொடர்வது என்றால் என்ன? கைதட்டுவது மட்டுமன்று. முதலாவது, கணக்கு வைத்தல். எந்த ஊர்ப் பிள்ளை எந்தப் போட்டியில், எந்த எடையில், யாரோடு பொருதினான், என்ன முடிவு என்று பயிற்சிக்கூடங்களும் உள்ளூர்ப் பத்திரிகைகளும் எழுதி வைக்க வேண்டும். வெற்றியை மட்டும் எழுதுவது கணக்காகாது. தோல்வியையும் அதன் காரணத்தையும் எழுதினாற்றான் அவனுக்குப் பயன்.

இரண்டாவது, தேகநலம். எடைப்பிரிவுக்குள் அடங்குவதற்காகத் தண்ணீரும் குடியாமல் உடலை வற்றவைக்கும் பழக்கம் இவ்விளையாட்டின் பெருங்கேடு. 2015-ஆம் ஆண்டு டிசம்பரில், மணிலாவில் போட்டியிட வந்திருந்த 21 வயதுச் சீன வீரர் யாங் ஜியான் பிங், எடையைக் குறைக்கும் முயற்சியில் கோதாவில் ஏறுமுன்னரே மாண்டார். அதன் பிறகே, அப்போட்டியை நடத்திய ஸ்தாபனம் வீரர்களின் உடலில் நீர்ச்சத்தைச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. ஓர் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடத்தை நாம் மறுபடி விலை கொடுத்துக் கற்கவேண்டியதில்லை. தலையில் அடிபட்டு வீழ்ந்தவனைக் குறிப்பிட்ட நாட்களுக்குக் களமேறக் கூடாதென்று தடுக்கும் அதிகாரம் அமெரிக்க ராஜ்யங்களின் போட்டிக் கமிஷன்களுக்கு உண்டு. அத்தகைய ஏற்பாடு நம் ராஜ்யத்திலும் வேண்டும். டாக்டர் இல்லாத களத்தில் டிக்கட் விற்கலாகாது.

மூன்றாவது, ஒப்பந்தம். வாலிபன் படித்துப் பாராமல் கையெழுத்திடும் காகிதம் அவனைப் பல ஆண்டுகள் கட்டிப்போடக்கூடும். இந்த ஜில்லாவில் வக்கீல்களுக்குப் பஞ்சமில்லை. மாதத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், இப்பிள்ளைகளின் காகிதங்களை இனாமாகப் படித்துப் பார்ப்பதால் எந்த வக்கீலுக்கும் நஷ்டம் வராது. வாலிபனின் தாய்க்கோ அது பெருங்காவல்.

நான்காவது, களம் விட்டிறங்கியபின் பிழைப்பு. சண்டைக்காரனின் நல்ல காலம் பத்தாண்டுக்கு மேல் நீடிப்பது அரிது. அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்க்கென 3 சதவிகிதம் ஒதுக்கும் ஏற்பாடு தமிழ்நாட்டில் இருக்கிறது. எந்தப் போட்டிகள் அதற்குக் கணக்கில் வரும், எந்தச் சான்றிதழ் செல்லும் என்பதைப் பயிற்சியின் முதல் நாளிலேயே பிள்ளைக்குச் சொல்லவேண்டும். பயிற்சிக்காகப் பள்ளிப்படிப்பைக் கைவிட அனுமதிக்கவும் கூடாது.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்கலாம். ஜல்லிக்கட்டுக்கு 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு தடை விதித்தபோதும், 2017 ஜனவரியில் வாலிபர்கள் வீதிக்கு வந்தபோதும், பணத்தை முன்னிட்டு நம் ஜனங்கள் தயங்கவில்லை. 2023 மே மாதம் அரசியல் சாசன பெஞ்சு தமிழ்நாட்டுச் சட்டத்தை ஒப்புக்கொள்ளும் வரையில் அந்த ஊக்கம் குன்றவில்லை. காளைக்காக எழுந்த ஊர், காளையைத் தழுவிய கைக்காகவும், கோதாவில் நிற்கும் காலுக்காகவும் எழ முடியாதென்பதை நாம் நம்பத் தயாராயில்லை. ஒவ்வொரு வாடிவாசலிலும் வசூலாவதில் ஒரு சிறு பங்கை அடிபட்ட வீரர்களின் நிதிக்கென எடுத்து வைத்தாலே நல்ல தொடக்கமாகும். ராஜ்ய விளையாட்டு அபிவிருத்தி ஆணையமும் ஜில்லா அதிகாரிகளும் இதைக் கவனிப்பார்களென்று நம்புகிறோம். ஆனால் சர்க்கார் வரட்டுமென்று ஊரார் காத்திருக்க வேண்டாம்.

புதுக்கோட்டையின் ஏதோ ஒரு தெருவில் இன்று விடியுமுன் எழுந்து ஓடுகிற பையனுக்கும் பெண்ணுக்கும் நாளை என்ன பட்டம் கிட்டும் என்று நாம் ஜோஸ்யம் சொல்ல வரவில்லை. ஒருவேளை ஒன்றும் கிட்டாமற் போகலாம். அவர்கள் தோற்றுத் திரும்பும் நாளில் புதுக்கோட்டை ரயில் நிலையத்தில் நான்கு பேர் காத்திருப்பார்களாயின், அதுவே இந்த ஊர் தன் பிள்ளைகளுக்குச் செய்யும் முதல் மரியாதை. வென்று வரும் நாளில் கூட்டம் தானே கூடும். அதற்கு நம் தலையங்கம் தேவையில்லை.