படம் பிடித்த பின்னர்

நம் சங்கத்து அன்பர் ஒருவரின் மகன் சென்ற திங்கள் நம்மை வந்து கண்டார். நண்பர்களோடு கூடிப் பணம் திரட்டி, ஒரு சிறு படத்தை எடுத்திருக்கிறார். கைப்பொருள் முழுதும் படப்பிடிப்பிலேயே கரைந்துவிட்டதாம். "எடுத்தாயிற்று, ஐயா, இனி ஒட்டவேண்டியதுதான் பாக்கி" என்றார். இரண்டாண்டுகளாக அந்தப் பாக்கி அப்படியே கிடக்கிறது என்று அவருடைய தந்தையார் பின்னர் வருந்தினார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான்.

"ஒட்டவேண்டியதுதான்" என்பது அத்துணை எளிய செயலா? எடுத்த காட்சிகளுள் வேண்டியவற்றைத் தேர்ந்து, வேண்டாதவற்றைத் துணிந்து நீக்கி, முன்பின் அமைப்பது தொகுப்பு. பேச்சையும், காலடி ஓசையையும், மழை ஒலியையும் செம்மை செய்வது ஒலி வேலை. அதன்மேல் இசை, பின்னர் இவை யாவற்றையும் அளவறிந்து ஒன்றாகக் கலத்தல். இத்தனையும் முடிந்தாலன்றிப் படம் என்ற பெயருக்கு அது உரியதாகாது.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் போக வேண்டுவதில்லை. நாம் வாழும் இக்கொல்கத்தா நகரிலேயே உருவானது 'பதேர் பாஞ்சாலி'. 1952ஆம் ஆண்டில் சத்யஜித் ராய் படப்பிடிப்பைத் தொடங்கினார். பணம் தீர்ந்தபோதெல்லாம் வேலை நின்றது. மனைவியாரின் நகைகளும் அடகுக்குப் போயின. முடிவில் மேற்கு வங்க அரசு பொருளுதவி செய்தது.

ஆயின், அதன்பின் பெரும் முட்டுப்பாடாக நின்றது காலமே. நியூயார்க்கு நவீனக் கலைக்கூடத்தில் 1955ஆம் ஆண்டு மே மாதம் படத்தைக் காட்டுவதென ஏற்பாடு. ராயும் தொகுப்பாளர் துலால் தத்தாவும் இறுதியில் பத்து நாள் இரவு பகலாக உழைத்தனர். பண்டித ரவிசங்கர் படத்தின் ஒரு பகுதியையே பார்த்துவிட்டு, ஏறத்தாழ 11 மணி நேரம் நீண்ட ஒரே அமர்வில் இசையைப் பதிவு செய்து கொடுத்தார். விடுபட்ட ஓரிடத்திற்கு ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ராவே சிதார் வாசித்தார். ஆங்கிலத் துணையெழுத்துச் சேர்க்கவும் பொழுதில்லாமல், படம் அவ்வாறே கடல் கடந்து சென்றது.

இந்த அவசரத்திலும் அவர்கள் அறிவைக் கைவிடவில்லை என்பதே நாம் கருத வேண்டுவது. வெளியூரிலிருந்து திரும்பிய தந்தை, மகள் இறந்ததை அறியாமல், அவளுக்கென வாங்கிய புடைவையை எடுத்துக் கொடுக்கிறார். தாய் கதறுகிறாள். அவள் வாய் திறப்பதைக் காண்கிறோம்; குரல் கேட்பதில்லை. அக்குரலின் இடத்தில், வில்லால் இசைக்கும் தார் ஷெனாய் உச்சத்தில் ஒலிக்கிறது. ஒரு தாயின் அழுகையை ஊரின் அழுகையாக்கிய அக்கணம், காமிராவால் மட்டும் ஆனதன்று. ஒலியையும் இசையையும் சேர்த்தபோது பிறந்தது. அதற்குச் செலவானது பெரும்பணமும் அன்று. ஒரு கருவியும், எதை நிறுத்த வேண்டும் என்ற தெளிவுமே.

இந்நாளில் கருவிகள் மலிந்துவிட்டன. ஒரு மடிக்கணினியிலேயே தொகுக்கலாம். ஆனால் தெளிவு மலிவாகக் கிடைப்பதில்லை. அதற்குக் காலம் வேண்டும். ஆதலின் பிள்ளைகளுக்குப் பணம் கொடுக்கும் பெற்றோர், "எப்போது எடுக்கப்போகிறாய்?" என்று மட்டும் வினவாமல், "எடுத்தபின் செய்வதற்கு என்ன வைத்திருக்கிறாய்?" என்றும் வினவுவாராக. ஒரு காட்சி குறைந்தாலும் படம் நிற்கும். பேச்சே கேளாத படத்தின் முன் எவர் அமர்ந்திருப்பார்?

அவ்விளைஞருக்கு நாம் கூறியது இதுவே: புதிதாக ஒன்றும் எடுக்க வேண்டா. எடுத்தவை அனைத்தையும் பொறுமையாக ஒருமுறை பாரும், குறிப்பெழுதும், முதற்பணம் கிடைத்ததும் ஒலியறிந்த ஒருவரை நாடும். படம் முடிவுறும் நாளில் நம் சங்க மண்டபத்தில் அதன் முதற்காட்சி நடைபெறும் என வாக்களித்துள்ளோம். அன்று அன்பர்கள் அனைவரும் குடும்பத்தோடு வந்திருந்து, இறுதியில் ஓடும் பெயர்கள் முடியும்வரை எழாதிருக்குமாறு இப்போதே வேண்டிக்கொள்கிறோம்.