கொல்லும் நத்தையும் கொல்லப்படும் நத்தையும்

அழகான சங்கு ஒன்றை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சுற்றுலாப் பயணி சிரிக்கும் காணொலி மறுபடியும் வலம் வரத் தொடங்கிவிட்டது. ‘தொட்டால் மரணம்’, ‘ஒரு சிகரெட் பிடித்து முடிப்பதற்குள் உயிர் போய்விடும்’ என்று அதே பழைய வசனங்கள்தான். வில்லன், செங்கடலிலிருந்து பசிபிக் தீவுகள்வரை வாழும் ‘கோனஸ் ஜியோகிராபஸ்’ என்கிற கூம்பு நத்தை.

ஆபத்து பொய்யல்ல. இதன் நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. மூச்சு நின்றால் செயற்கைச் சுவாசம்தான் கதி. ஆனால், கணக்கு என்ன சொல்கிறது? கூம்பு நத்தைகள் மனிதர்களைக் கொட்டியதாகப் பதிவான சம்பவங்களை ஆலன் கோன் என்னும் விலங்கியலாளர் 2016இல் தொகுத்தார். மொத்தம் 141, அவற்றில் மரணங்கள் 36. பதிவான முதல் மரணத்தைப் பற்றி இயற்கையியலாளர் ரம்பியஸ் எழுதிய நூல் வெளியானது 1705இல். அதாவது, முந்நூறு ஆண்டுகளுக்கு மேல், உலகம் முழுவதும் சேர்த்து 36 பேர். இந்தியாவில் 2000 முதல் 2019வரை பாம்புக்கடியால் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்தார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. வகுத்துப் பார்த்தால், நத்தை மூன்று நூற்றாண்டுகளில் கொன்ற எண்ணிக்கையை நம் ஊர்ப் பாம்புகள் ஐந்தரை மணி நேரத்தில் எட்டிவிடுகின்றன. அந்தப் பாம்புகளுக்குப் பின்னணி இசை போட யாரும் இல்லை. செத்தவர்கள் வயல்காட்டு ஏழைகள் அல்லவா!

உண்மையான அதிசயம் கோனஸ் ஜியோகிராபஸின் வேட்டையில் இருக்கிறது. வாயைக் குடைபோல விரித்து, சிறு மீன்களை அப்படியே உள்ளே வளைத்துப் போடுகிறது. அதன் நஞ்சில் மீனின் இன்சுலினை ஒத்த ஓர் இன்சுலின் இருப்பது 2015இல் தெரியவந்தது. மீன்களின் ரத்தச் சர்க்கரை சரிந்து, நீந்தத் தெம்பில்லாமல் அவை துவண்டுபோகின்றன. பிறகுதான் ஈட்டிபோன்ற பல் பாய்கிறது. மனித இன்சுலின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதால் வேலை தொடங்கத் தாமதமாகும். நத்தையின் இன்சுலின் அப்படி ஒட்டுவதில்லை. வேகமாகச் செயல்படும் புதிய இன்சுலினுக்கு இதை முன்மாதிரியாகக் கொண்டு ஆய்வுகள் நடக்கின்றன. இந்த நத்தையின் உறவான ‘கோனஸ் மேகஸ்’ தந்த சிகோனோடைட், கடும் வலிக்கான மருந்தாக 2004இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தண்டுவட நீரில் செலுத்த வேண்டிய மருந்து அது. மார்ஃபின்போல அடிமைப்படுத்துவதில்லை.

இப்படிப்பட்ட உயிரினத்துக்கு நம் சட்டம் என்ன செய்திருக்கிறது? 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 24 மெல்லுடலி இனங்கள் சேர்க்கப்பட்டன. அவற்றில் கூம்பு நத்தை ஒன்றே ஒன்று. சேகரிப்பாளர்கள் போட்டிபோடும் ‘கோனஸ் மில்னெட்வர்ட்சி’. ஓடு அழகென்றால் சட்டம் கண் திறக்கும். நஞ்சில் மருந்து இருந்தால் திறக்காது! ராமேஸ்வரத்திலும் கன்னியாகுமரியிலும் மற்ற கூம்பு நத்தை ஓடுகள் சாவிக்கொத்தாகவும் அலங்காரப் பொருளாகவும் விலைபோகின்றன.

‘மருந்தை ஆய்வகத்திலேயே தயாரிக்கிறார்களே, நத்தை எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. நகலெடுக்க மூலம் வேண்டும் என்பதுகூடப் புரியாதவர்களோடு வாதிட்டுப் பயனில்லை. 2013இல் 632 கூம்பு நத்தை இனங்களை மதிப்பிட்டபோது 67 இனங்கள் அழியும் அபாயத்திலோ அதை நெருங்கியோ இருந்தன. பெரும்பாலானவை கேப் வெர்டி, செனகல் பக்கம்தானே என்று மழுப்பலாம். அங்கே நடந்தது மன்னார் வளைகுடாவில் நடக்காது என்று யார் உத்தரவாதம் தருவார்கள்?

ஒரே ஓர் இனத்தைப் பூட்டிவைத்துவிட்டு மற்றவற்றைக் கடைவீதியில் விடுவது பாதுகாப்பாகாது. கூம்பு நத்தைகள் அனைத்தையும் அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்து, அவற்றின் ஓடு வணிகத்துக்கு ஒன்றிய அரசு முழுத் தடை விதிக்க வேண்டும்.