பக்குவம் யாருக்கு வேண்டும்?

துயரம் பெண்ணைப் பக்குவப்படுத்துமாம். திருவொற்றியூரில் தமிழ் கற்பிக்கும் நான் இதை மறுக்கிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சிபிசிஎல் ஆலையின் எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தது. 26ஆம் தேதி இரவு, பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து ஊரையே தெருவுக்கு விரட்டியது. எண்ணெய்க்கான நிவாரணத்தில் படகுக்கு 10,000 ரூபாய், மீனவக் குடும்பத்துக்கு 12,500 ரூபாய். ஆற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிழைக்கிறவளுக்குப் படகு ஏது? குடும்பக் கணக்குக்குள் அவள் உழைப்பு காணாமல் போனது.

இதில் அவள் எதைக் கற்று வளர வேண்டும்?

நம் பாட்டிகளின் ஒப்பாரி அழுகை மட்டுமல்ல, வழக்கும்கூட. அதைத்தான் மாணவிகளிடம் கேட்கிறேன்: மனம் ஆறினால் ஆறட்டும், முதலில் யார், எப்போது, எவ்வளவு என்று பெயரும் தேதியும் போட்டு எழுதுங்கள். பக்குவம், பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு வரட்டும்.