தனியே போகிறவளுக்கு என்ன சொல்லி அனுப்புகிறோம்?

கைப்பேசியைத் திறந்தால் இப்போதெல்லாம் ஒரு படம் தவறாமல் வந்து நிற்கிறது. கடற்கரையோரம் ஒரு வேன். பின்கதவு அகலத் திறந்திருக்கிறது. உள்ளே ஒரு மெத்தை, சின்ன அடுப்பு, சன்னலில் தொங்கும் விளக்குச் சரம். மெத்தையின் ஓரத்தில் ஒரு பெண் காப்பிக் கோப்பையோடு அமர்ந்து கடலைப் பார்த்துக் கொண்டிருக்கிறாள். நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை முடிந்த பிறகு நம் மலேசியாவிலும் இந்த மோகம் நன்றாகவே பற்றிக் கொண்டது. மோட்டார் ஹோம் என்கிறார்கள், கேம்பர்வேன் என்கிறார்கள். தமிழில் வீட்டுவண்டி என்று சொன்னால் யாருக்கும் புரியும் என்பதால் நான் அப்படியே சொல்கிறேன்.

அந்தப் படங்களில் டயர் வெடிப்பதில்லை. பேட்டரி இறங்குவதில்லை. நடு இரவில் வயிற்றைக் கலக்குவதும் இல்லை.

நம் வீடுகளிலோ இதற்கு நேர்மாறு. ஒரு பெண் தனியாக இப்படிப் போக வேண்டும் என்று வாயைத் திறந்தால் போதும், டயரும் வெடித்து, பேட்டரியும் இறங்கி, திருடனும் வந்துவிடுவான்! எங்கள் வீட்டில் அண்ணன் மோட்டார் சைக்கிளில் கேமரன் மலைக்குக் கிளம்பினால் "பார்த்துப் போப்பா" என்பார்கள். நான் கேட்டால் வருவது ஒரே சொல்: "போகாதே". நண்பர்களே, "பார்த்துப் போ" என்பதில் கொஞ்சமாவது அறிவுரை இருக்கிறது. எதைப் பார்க்க வேண்டும் என்று திருப்பிக் கேட்கலாம். "போகாதே" என்பதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? ஒன்றுமே நடக்காது என்று படம் சொல்கிறது, எல்லாமே நடக்கும் என்று வீடு சொல்கிறது. நடந்தால் என்ன செய்வது என்பதை இரண்டுமே சொல்லித் தருவதில்லை. இதுதான் என் வருத்தம்.

2020-இல் வெளிவந்து, 2021-இல் சிறந்த படத்திற்கான ஆஸ்கார் விருதைப் பெற்ற 'நோமேட்லாண்ட்' படத்தை உங்களில் பலர் பார்த்திருக்கலாம். குளோயி ஷாவ் இயக்கியது. பிரான்சஸ் மெக்டார்மண்ட் நடித்த ஃபெர்ன் என்ற பெண், வேலையும் கணவரும் ஊரும் போன பிறகு, ஒரு வேனையே வீடாக்கிக் கொண்டு அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் தனியாகச் சுற்றுகிறாள். பாலைவனத்தில் ஒரு நாள் அவள் வண்டியின் டயர் காற்றிழந்து போகிறது. மாற்று டயர் இல்லை. பக்கத்தில் முகாமிட்டிருக்கும் ஸ்வாங்கி என்ற மூத்த பெண்மணி உதவிக்கு வருகிறார். ஆனால் ஆறுதல் சொல்லிக்கொண்டு வரவில்லை. மாற்று டயர்கூட இல்லாமல் இப்படி ஓர் இடத்திற்கு வருவதா என்று நன்றாகத் திட்டிவிட்டுத்தான் உதவுகிறார். அந்தக் காட்சி எனக்கு மிகவும் பிடிக்கும். வீட்டுக்குத் திரும்பிப் போ என்று ஸ்வாங்கி சொல்லவில்லை. இங்கே வாழ்வதென்றால் இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். நம் அத்தைகளும் சித்திகளும் இப்படி ஒரு முறை திட்டினால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

அதே படத்தில் பின்னால் இயந்திரமே பழுதாகிறது. செலவு செய்வதை விட வேறு வண்டி பார்ப்பது மேல் என்று பட்டறையில் சொல்கிறார்கள். அவள் அந்த வண்டிக்குள்தான் வாழ்கிறாள் என்பது அவர்களுக்கு முதலில் உறைப்பதில்லை. வீட்டுவண்டியின் சிக்கலே இதுதான். மகிழுந்து பழுதானால் நாம் இறங்கி வீட்டுக்குப் போய்விடலாம். வீட்டுவண்டி பழுதானால் படுக்கை, சமையல், துணிமணி, மருந்து எல்லாம் சேர்ந்து பட்டறைக்குப் போய்விடுகின்றன. ஆகையால் ஓர் இரவு விடுதிக்கான பணத்தையும், தோள்பை ஒன்றில் இரண்டு நாள் துணியையும் அடையாள அட்டையையும் தனியாக எடுத்து வைப்பது தனியாகப் போகிறவருக்கு மிக அவசியம். மாற்றுச் சாவியும் அந்தப் பையில் இருக்கட்டும். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டால், தனியாகப் போனவருக்கு உள்ளிருந்து திறந்துவிட யாரும் இல்லை.

நாமெல்லாம் ஓட்டுநர் உரிமம் எடுத்தபோது ஆர்.பி.கே., ஆர்.எஸ்.எம். என்று இரண்டைப் படித்தோம், நினைவிருக்கிறதா? முன்மூடியைத் திறந்து, இது இயந்திர எண்ணெய், இது பிரேக் எண்ணெய், இது ரேடியேட்டர் நீர் என்று தேர்வு அதிகாரி முன் ஒப்பித்தோம். அன்றைக்கு மூடிய முன்மூடியை அதன் பிறகு திறந்தவர்கள் எத்தனை பேர்? வருமுன் காப்பது பற்றி வள்ளுவர் சொன்னதைத் தமிழ்ப்பள்ளியில் மனனம் செய்து பரிசும் வாங்கியிருக்கிறோம். மனனம் செய்வதில் நமக்கு இணை யார்!

ஒப்பிக்காமலே தெரிந்து வைத்திருப்பவர் ஒருவர் எங்கள் குடும்பத்தில் உண்டு. என் சித்தப்பா. பட்டர்வொர்த்திலிருந்து ஜொகூர் வரை லாரி ஓட்டுகிறார். வாரத்தில் பாதி இரவுகள் அவருக்கு லாரியின் முன்னறைதான் படுக்கையறை. வீட்டுவண்டிப் பயணம் என்பது ஏதோ வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறோம். நம் மக்களில் எத்தனையோ லாரி ஓட்டுநர்கள் பல்லாண்டுகளாக அதைத்தான் செய்து வருகிறார்கள். படம் எடுத்துப் போடுவதில்லை, அவ்வளவுதான். சித்தப்பாவிடம் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து கேட்டதில் நான் தெரிந்து கொண்டது, இணையத்தில் ஒரு மாதம் படித்ததை விட அதிகம்.

டயரில் முதலில் பூவைப் பார்க்காதே, வயதைப் பார் என்றார். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது. வாடகை வீட்டுவண்டிகள் ஓடுவதை விட நிற்பதுதான் அதிகம். பூ தேயாமல் புதிது போல் தெரியும். ரப்பரோ காய்ந்து வெடிப்பு விட்டிருக்கும். அதன் மேல் தண்ணீர்த் தொட்டி, எரிவாயு, கட்டில் என்று அத்தனை சுமையையும் ஏற்றி, நண்பகல் வெயிலில் நெடுஞ்சாலையில் ஓட்டினால் என்ன ஆகும்? வெடித்துவிட்டால் பிரேக்கை அழுத்திவிடாமல், திசைமாற்றியை இறுக்கிப் பிடித்து, எண்ணெயிலிருந்து காலை மெல்ல எடுத்து, வண்டி தானாக வேகம் குறைந்த பிறகு இடது ஓரம் ஒதுங்க வேண்டும். அதன் பிறகு கண்ணாடி முக்கோணம். பழைய ஓட்டுநர்கள் மரக்கிளையை ஒடித்து வண்டிக்குப் பின்னால் போடுவதைப் பார்த்திருப்பீர்கள்; அதுவும் இதற்குத்தான். வண்டிக்குள் உட்கார்ந்திருக்காமல் தடுப்புக் கம்பிக்கு அப்பால் போய் நின்றுகொள்ள வேண்டும். மகிழுந்துக்கு வாங்கிய ஜாக் வீட்டுவண்டியைத் தூக்காது என்பதையும் சித்தப்பாதான் சொன்னார். வண்டியின் எடைக்கு ஏற்ற ஜாக் இருக்கிறதா என்று வாடகைக்கு எடுக்கும்போதே திறந்து பார்த்துவிட வேண்டுமாம்.

சித்தப்பா மிகவும் அழுத்திச் சொன்னது வேறொன்று. குளிர்சாதனத்திற்காக இயந்திரத்தை ஓடவிட்டுக் கண்ணாடிகளை மூடித் தூங்கவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை, தூங்குகிறவர் விழிப்பதில்லை. அப்படி மாண்டவர்களைப் பற்றிய செய்தி நம் நாளிதழ்களுக்குப் புதிதல்ல. வீட்டுவண்டியில் சமையல் எரிவாயுவும் கூடவே பயணம் செய்கிறது. அது காற்றை விடக் கனமானது. கசிந்தால் தரையோடு தங்கும். அது வெளியேறத்தான் தரையில் துவாரங்கள் வைத்திருக்கிறார்கள். கொசு வருகிறதென்று துணியை வைத்து அவற்றை அடைத்துவிடாதீர்கள். புகை, வாயு எச்சரிக்கைக் கருவிகள் நூறு, இருநூறு ரிங்கிட்டுக்குள் கிடைக்கின்றன. இருவராய்ப் போனால் ஒருவர் மயங்கினாலும் மற்றவர் கதவைத் திறப்பார். தனியாகப் போகிறவருக்கு அந்தக் கருவிதான் இரண்டாவது ஆள்.

சின்னச் சின்ன விபத்துகளை விரைவாகச் சொல்லிக் கடந்துவிடுகிறேன். பேரங்காடி வண்டி நிறுத்துமிடங்களில் தொங்கும் கம்பியின் உயரம் பெரும்பாலும் இரண்டு மீட்டரை ஒட்டித்தான். வீட்டுவண்டியோ மூன்று மீட்டர் வரை போகும். உயரத்தை ஒரு தாளில் எழுதித் திசைமாற்றி அருகே ஒட்டிவிடுங்கள். விளக்குக்கும் குளிர்பெட்டிக்கும் உள்ள பேட்டரி வேறு, வண்டியைக் கிளப்பும் பேட்டரி வேறு என்பதை உறுதி செய்து கொள்ளுங்கள். மலிவாக மாற்றியமைத்த சில வேன்களில் இரண்டும் ஒன்றாகவே இருக்கும்; காலையில் கிளப்ப முடியாது.

எங்கே நிறுத்துகிறோம் என்பது எப்படி ஓட்டுகிறோம் என்பதற்குச் சற்றும் குறைந்ததல்ல. 2022 டிசம்பர் 16 அதிகாலையில் பத்தாங்காலியில் ஒரு முகாம் தளத்தின் மேல் மண் சரிந்து 31 பேர் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க மாட்டோம். தூங்கிக் கொண்டிருந்த குடும்பங்கள் அவை. சரிவின் அடியில், அதுவும் பல நாள் மழைக்குப் பிறகு, வண்டியை நிறுத்தக் கூடாது. ஆற்றோரமும் அப்படித்தான். நாம் நிற்கும் இடத்தில் வானம் தெளிவாக இருக்கும். மேலே மலையில் பெய்த மழை "கெப்பாலா ஆயிர்" என்று திடீர்ப் பெருக்காய் இறங்கும். தெளிந்த நீர் கலங்கி, இலையும் குச்சியும் மிதந்து வந்தால் பொருளைப் பார்க்காமல் மேட்டுக்கு ஏற வேண்டும். அழகான இடமா, பாதுகாப்பான இடமா என்ற கேள்வி வந்தால், பெட்ரோல் நிலையத்தின் விளக்கடியில் தூங்குவதையே நான் தேர்ந்தெடுப்பேன். படத்திற்கு நன்றாக இருக்காதுதான்!

தனிப்பயணம் என்றதும் என் மனத்தில் வருவது கெரிக்கிலிருந்து ஜெலி செல்லும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை. 1982-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்ட அந்தச் சாலை, தித்திவங்சா மலைத்தொடரைக் கடந்து காட்டுக்கு நடுவே நூறு கிலோமீட்டருக்கு மேல் போகிறது. யானை எச்சரிக்கைப் பலகைகள் அங்கே அலங்காரத்திற்காக வைக்கப்பட்டவையல்ல. 2025 மே மாதம், அன்னையர் தினத்தன்று விடியுமுன், ஒரு யானைக் கன்று அங்கே லாரியில் அடிபட்டு இறந்தது. லாரிக்கடியில் கிடந்த கன்றை விட்டு நகராமல் தாய் யானை அந்த லாரியை முட்டிக்கொண்டே நின்ற காட்சியை நாடே பார்த்துக் கண்கலங்கியது. அந்தச் சாலையில் இரவில் ஓட்டக் கூடாது என்பதற்கு இதற்கு மேல் என்ன சொல்ல வேண்டும்? எண்ணெயை முன்பே நிரப்பிக் கொண்டு, காலையில் கிளம்பி, வெளிச்சத்திலேயே இறங்கிவிட வேண்டும். கைப்பேசித் தொடர்பு பல இடங்களில் கிடைக்காது. அங்கே வண்டி நின்றுவிட்டால் உதவி தேடிக் காட்டுச் சாலையில் நடக்கக் கூடாது. வண்டியோடு இருப்பதுதான் நல்லது. ஆஸ்திரேலியப் பாலைநிலப் பயணிகளுக்கும் இதையேதான் சொல்கிறார்கள். நடந்து போகும் மனிதரைத் தேடிக் கண்டுபிடிப்பதை விட நிற்கும் வண்டியைக் கண்டுபிடிப்பது எளிது. அதுவும் வீட்டுவண்டியில் நீரும் உணவும் படுக்கையும் இருக்கின்றன. மற்ற வண்டிகளுக்கு இல்லாத வசதி இது.

ஆனால், தேடுவதற்கு யாராவது இருக்க வேண்டுமே!

தனியாகப் போவதில் உள்ள பெரிய ஆபத்து பக்கத்து இருக்கை காலியாக இருப்பதல்ல என்பது என் கருத்து. நாம் எங்கே இருக்கிறோம் என்று ஒருவருக்கும் தெரியாமல் இருப்பதே ஆபத்து. "போகாதே" என்ற சொல் அந்த ஆபத்தைத்தான் வளர்க்கிறது. அனுமதி கிடைக்காது என்று தெரிந்த பெண், "தோழி வீட்டுக்குப் போகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறாள். என் விடுதியிலேயே இப்படிப் போய் வந்தவர்களை எனக்குத் தெரியும். அவளுக்குக் குவா மூசாங்கில் வண்டி நின்றால், வீட்டுக்காரர்கள் அவளை ஷா ஆலாமில் தேடுவார்கள். பயந்து தடுத்த பெற்றோர், தங்களை அறியாமலே தங்கள் பிள்ளையைத் தேட முடியாத இடத்திற்கு அனுப்பிவிடுகிறார்கள். இரவு ஏழரைக்கு அழைப்பு வரும். ஒன்பது வரை வராவிட்டால் கடைசியாக இருந்த ஊரின் காவல் நிலையத்திற்குச் சொல்வது என்று வீட்டில் ஒருவர் பொறுப்பெடுத்துக் கொண்டால், அந்தப் பெண் உண்மையில் தனியாகப் போகவில்லை.

பெண்ணாயிற்றே, உதவிக்கு நிற்பவன் யாரென்று எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கும் பழக்கம்தான் விடை. வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பழுதென்றால் 1800-88-0000 என்ற பிளஸ் எண்ணை அழைத்தால் ரோந்துப் பிரிவு வரும். அழைக்காமலே வந்து நிற்கும் இழுவை லாரிகளிடம் வண்டியை ஒப்படைத்தால் பிறகு கேட்கும் தொகையில் தலை சுற்றும். நின்று விசாரிப்பவரிடம் கண்ணாடியை ஒரு விரற்கடை மட்டும் இறக்கி, "அழைத்துவிட்டேன், வந்துகொண்டிருக்கிறார்கள், நன்றி" என்று சொல்லலாம். அவர் நல்லவராயிருந்தால் கோபிக்க மாட்டார். அவசரத்திற்கு 999 இருக்கிறது. எந்தச் சாலை, எத்தனையாவது கிலோமீட்டர் கல் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பலருக்கு அந்தக் கல்லை வாசிக்கும் வழக்கமே இல்லை.

நம் மொழிக்கழகம் ஆண்டுதோறும் பேச்சுப் போட்டியும் பட்டிமன்றமும் நடத்துகிறது. நடக்கட்டும். ஒரு சனிக்கிழமை மட்டும் வளாக நிறுத்துமிடத்தில் ஒரு பழைய வேனை நிறுத்தி, மாணவியர் அனைவரும் ஆளுக்கொரு முறை டயரைக் கழற்றி மாட்டட்டும் என்று செயலவையினரிடம் கேட்டுக் கொள்கிறேன். சித்தப்பாவை அழைத்து வரும் பொறுப்பு என்னுடையது. தமிழில்தான் கற்றுத் தருவார். நட்டு, போல்ட்டு, ஜாக் தவிர.

கெரிக் சாலைக்கு என் தந்தை இன்னும் அனுமதி தரவில்லை. வழித்தடத்தையும் நிறுத்துமிடங்களையும் எழுதிக் கொடுத்த தாளைப் பத்து நாளாய்த் தம் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறார். சென்ற வாரம் அதை எடுத்துப் பார்த்துவிட்டு, "இந்த ஜாக் எத்தனை டன் தூக்கும்?" என்று மட்டும் கேட்டார்.