கடை கைமாறியாச்சு, குறிப்பு எங்கே போச்சு?

பி.காம் படிக்கிற எல்லோருக்கும் தெரிஞ்ச கணக்குதான். ஒரு கம்பெனி இன்னொரு கம்பெனியை வாங்குகிறது. பர்ச்சேஸ் கன்சிடரேஷன் கண்டுபிடி, சொத்து எல்லாம் எழுது, கடனைக் கழி, அப்படியும் டேலி ஆகாமல் ஒரு தொகை நிற்கும் பாருங்கள், அதைத் தூக்கி குட்வில்லில் போடு. முடிஞ்சது, பதினைந்து மார்க். அந்த குட்வில் என்பது ஆட்கள், அவர்களுக்குப் பெயர் இருக்கிறது, போன் நம்பர் இருக்கிறது, அவர்கள் வீட்டு நாய் கடிக்கும் என்பதெல்லாம் பரீட்சைக்குத் தேவையில்லாத விஷயம்.

போன மே மாத லீவில்தான் எனக்கு இது உறைத்தது.

ஊரப்பாக்கத்துக்கும் கூடுவாஞ்சேரிக்கும் நடுவில் ஒரு வாட்டர் ஃபில்டர் சர்வீஸ் கடை. நடத்தின அண்ணன் சொந்த ஊருக்கே திரும்பிப் போக முடிவு பண்ணி, தாம்பரம் பக்கம் இருக்கிற பெரிய டீலர் ஒருவருக்குக் கடையை விற்றுவிட்டார். விற்கிறதுக்கு அங்கே என்ன பெரிசா இருந்தது? வாடகைக் கடை. கொஞ்சம் மெம்பரேன், கேண்டில், ஒரு பழைய டிவிஎஸ் எக்ஸெல். காசு கொடுத்தது எல்லாம் வருஷா வருஷம் ஏ.எம்.சி. கட்டுகிற ஆயிரத்துச் சொச்சம் வீடுகளுக்குத்தான். அந்த வீடுகள் எல்லாம் பத்து வருஷத்துக்கு முன்னாடி யாரோ எழுதிக் கொடுத்த ஒரு பழைய சாஃப்ட்வேருக்குள் இருந்தன. அதைப் புது ஓனரின் சி.ஆர்.எம்.முக்கு மாற்றித் தரவேண்டும். அண்ணனுக்குத் தெரிஞ்ச ஒரே 'கம்ப்யூட்டர் படிச்ச பையன்' நான்தான். (நான் படிப்பது காமர்ஸ் என்று சொல்லிப் பார்த்தேன். "எக்செல் தெரியும்ல தம்பி?" என்றார். தெரியும். மாட்டினேன்.)

மூணு நாள் வேலை என்று நினைத்து உட்கார்ந்தேன். பதினாறு நாள் ஆணி புடுங்கினேன்.

முதல் ஆணி, பெயர். நம்ம ஊரில் எஸ்.முருகன் என்று ஒருத்தர் இருப்பார். பழைய கணக்கில் ஒரு இடத்தில் எஸ்.முருகன், இன்னொரு இடத்தில் முருகன் எஸ், ரசீதில் முருகன் சார். மூணும் ஒரே ஆள். ஆனால் பெரும்பாலான சி.ஆர்.எம்.களில் 'லாஸ்ட் நேம்' கட்டாயம், அதைப் போடாமல் உள்ளேயே விடாது. தமிழனுக்கு ஏதுங்க லாஸ்ட் நேம்? அப்பா பேரைப் போட்டால் அப்பா பேரில் போன் போகிறது. இனிஷியலைப் போட்டால் "டியர் எஸ்" என்று மெசேஜ் போகிறது. இத்தனைக்கும் உலகத்துக்கே சி.ஆர்.எம். விற்கிற ஜோஹோ ஆபீஸ் நம்ம ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில், எஸ்டான்சியாவில் இருக்கிறது. (நாங்கள் மாற்றினது எந்த சாஃப்ட்வேருக்கு என்று சொல்லப் போவதில்லை. தப்பு சாஃப்ட்வேர் மேல் இல்லை, சொல்லிடறேன்.)

அடுத்தது விலாசம். 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டம் ஆனது. அதனால் அதற்கு முன்னால் சேர்ந்தவர்கள் காஞ்சிபுரம் மாவட்டம், பின்னால் சேர்ந்தவர்கள் செங்கல்பட்டு மாவட்டம். பக்கத்துப் பக்கத்து வீடு, மாவட்டம் வேற! அப்புறம் 044 என்று ஆரம்பிக்கிற லேண்ட்லைன் நம்பர்களின் முதல் பூஜ்யத்தை எக்செல் சத்தம் போடாமல் முழுங்கிவிடும். 05/06 என்றால் ஜூன் அஞ்சா, மே ஆறா என்பதை அதுவே முடிவு பண்ணிக்கொள்ளும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. உட்கார்ந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற தப்புகள், திருத்திவிடலாம்.

கண்ணுக்குத் தெரியாத தப்பு ஒண்ணு பண்ணினேன்.

பழைய சாஃப்ட்வேரில் கடைசியாக 'குறிப்பு' என்று ஒரு காலம். அண்ணன் அதில் மனசுக்குத் தோன்றியதை எல்லாம் டைப் பண்ணி வைத்திருப்பார். "நாய் இருக்கு". "நாலு மணிக்கு மேல் மட்டும் போன்". "காது கேட்காது, ரெண்டு தடவை பெல் அடி". புது சி.ஆர்.எம்.மில் அதற்குச் சமமான காலம் யாரும் வைக்கவில்லை. மேனேஜரிடம் கேட்டேன். "அந்தக் குப்பை எல்லாம் எதுக்குப்பா, விட்டுடு" என்றார். விட்டுட்டேன். எனக்கும் வேலை மிச்சம்.

ரெண்டு மாசம் கழித்து அண்ணன் ஊரிலிருந்து போன் பண்ணினார். அய்யஞ்சேரி பக்கம் தனியாக இருக்கிற ஒரு பாட்டி, தண்ணீர் வரவில்லை என்று புதுக் கடைக்கு போன் பண்ணியிருக்கிறார். "உங்க ஏ.எம்.சி. முடிஞ்சு போச்சும்மா, புதுசா பணம் கட்டுங்க" என்று பதில். பாட்டியோ ரெண்டு வருஷப் பணத்தை ஒரே தடவையாகக் கட்டினவர். ரசீது எங்கே வைத்தார் என்று அவருக்கே நினைவில்லை. என் பென் டிரைவில் இருந்த பழைய ஃபைலைத் திறந்து தேடினேன். இருந்தது. எங்கே? குறிப்பு காலத்தில். "2 வருஷம் சேர்த்து வாங்கியாச்சு". பழைய சாஃப்ட்வேரில் ஒரு வருஷத்துக்கு மேல் போட வழியில்லாததால் அண்ணன் அங்கே எழுதி வைத்திருக்கிறார். அந்த மாதிரி மொத்தம் எத்தனை என்று எண்ணினேன். முப்பத்தேழு.

இங்கேதான் காமர்ஸ் மூளை கொஞ்சம் வேலை செய்தது. முன்கூட்டி வாங்கின பணம் வருமானம் இல்லை, கடன். 'இன்கம் ரிசீவ்டு இன் அட்வான்ஸ்'. பேலன்ஸ் ஷீட்டில் இடது பக்கம் வரவேண்டிய சங்கதி. கடை விற்கும்போது விலையில் இதைக் கழித்திருக்கணும். ஆனால் இது எந்த லெட்ஜரிலும் இல்லை, குறிப்பு காலத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. நான் அதை வெட்டினபோது வெறும் தகவலை வெட்டவில்லை, முப்பத்தேழு பேருக்குக் கடை பட்டிருந்த கடனை வெட்டிவிட்டேன்.

பிரிண்ட் எடுத்துக்கொண்டு தாம்பரம் போனேன். "எங்க சிஸ்டத்துல இல்லையே தம்பி" என்றார் மேனேஜர். புது ஓனர் இன்னும் தெளிவாகச் சொன்னார்: "நான் வாங்கினது கஸ்டமரை. பாக்கியை இல்லை." அவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது என்பதை ஒத்துக்கொள்ளணும். தெரிந்திருந்தால் குறைத்துக் கொடுத்திருப்பார். ஆனால் அது அவருக்கும் அண்ணனுக்கும் நடுவில் இருக்கிற வழக்கு. நடுவில் பாட்டி எங்கே வந்தார்?

பெரிய இடத்தில் இதை எப்படிச் செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். நம்ம நாட்டிலேயே கையில் ஒரு உதாரணம் இருக்கிறது. 1902-லிருந்து இந்தியாவில் இருந்த சிட்டி பேங்க், சில்லறை வங்கித் தொழிலிலிருந்து வெளியேறுவதாக 2021 ஏப்ரலில் அறிவித்தது. 2022 மார்ச் 30 அன்று கிரெடிட் கார்டு, சேமிப்புக் கணக்கு, கடன் எல்லாவற்றையும் ஆக்சிஸ் பேங்க் வாங்குவதாக ஒப்பந்தம். சுமார் 30 லட்சம் வாடிக்கையாளர்கள். கிளைகள் எத்தனை தெரியுமா? வெறும் 21. அப்புறம் 499 ஏ.டி.எம். ஆக, அங்கேயும் கொடுத்த காசு கட்டிடத்துக்கு இல்லை, லிஸ்டுக்குத்தான். 2023 மார்ச் 1 அன்று 11,603 கோடி ரூபாய்க்குக் கைமாறியது.

இதில் காமர்ஸ்காரர்கள் ரசிக்கவேண்டிய இடம் ஒன்று. வாங்கின அதே காலாண்டில் அந்த குட்வில்லையும், கண்ணுக்குத் தெரியாத மற்ற சொத்துகளையும் ஆக்சிஸ் மொத்தமாகத் தள்ளுபடி பண்ணிவிட்டது. அதனால் அந்தக் காலாண்டில் 5,728 கோடி ரூபாய் நஷ்டம் காட்டினார்கள். கணக்குப் புத்தகத்தில் ஒரே மாதத்துக்குள் வேலை முடிந்தது. ஆனால் நிஜமான வாடிக்கையாளர்கள் ஆக்சிஸின் சிஸ்டத்துக்கு முழுசாக வந்து சேர்ந்தது 2024 ஜூலையில்! நடுவில் பதினாறு மாதம். அதுவரைக்கும் அவர்கள் பழைய சிட்டி ஆப்பையே தட்டிக்கொண்டிருந்தார்கள், பேருக்கு மட்டும் ஆக்சிஸ் வாடிக்கையாளர். விற்றவரே கொஞ்ச காலத்துக்கு சிஸ்டத்தை ஓட்டிக் கொடுக்க ஒப்பந்தம் போட்டுக்கொள்வார்கள். இதற்கு டிரான்சிஷன் சர்வீஸ் அக்ரிமெண்ட் என்று பெயர். எங்க புத்தகத்தில் இந்த வார்த்தையே கிடையாது. அண்ணன் கடைக்கு மட்டும் அப்படி ஒரு ரெண்டு மாதம் இருந்திருந்தால், பாட்டியின் போனை அண்ணனே எடுத்திருப்பார்.

அவசரப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் டி.எஸ்.பி. பேங்க். லாயிட்ஸிலிருந்து பிரிந்த இந்த வங்கியை 2015-ல் ஸ்பெயினின் சபடெல் வாங்கியது. 2018 ஏப்ரலில் ஒரு வார இறுதியில் 52 லட்சம் வாடிக்கையாளர்களையும் மொத்தமாகப் புது சிஸ்டத்துக்குத் தூக்கினார்கள். டேட்டா எல்லாம் ஒழுங்காகத்தான் போய்ச் சேர்ந்தது, ஆனால் புது சிஸ்டம் தாங்கவில்லை. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கையே திறக்க முடியாமல் நின்றார்கள். சிலருக்கு அடுத்தவர் கணக்கு தெரிந்ததாம்! எல்லாம் சரியாக டிசம்பர் ஆனது. 2022 டிசம்பரில் கட்டுப்பாட்டு அமைப்புகள் போட்ட அபராதம் 4 கோடியே 86 லட்சம் பவுண்டுக்கும் மேலே.

பேங்க் என்றால் கேட்பதற்கு ஆள் உண்டு. வாட்டர் ஃபில்டர் கடைக்கு? ஜிம்முக்கு, டியூஷன் சென்டருக்கு, கேபிள் டிவிக்கு? தனிநபர் டேட்டா சட்டம் 2023-ல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில் வந்தன. டேட்டாவைச் சரியாகவும் முழுசாகவும் வைத்திருக்க முயற்சி எடுக்கணும் என்று அதில் இருக்கிறது. ஆனால் முக்கியமான கடமைகள் அமலுக்கு வர விதிகள் வந்ததிலிருந்து பதினெட்டு மாதம் அவகாசம். கோர்ட்டோ ட்ரிப்யூனலோ ஒப்புதல் கொடுத்த இணைப்புகளுக்குப் பல விதிவிலக்கும் உண்டு. பாட்டிக்கு அது உடனே தண்ணீர் கொடுக்காது.

என் கருத்து இதுதான், திட்டுகிறவர்கள் திட்டலாம். வியாபாரத்தை வாங்கினவன் சிஸ்டத்தில் ஒரு விஷயம் இல்லை என்றால், நிரூபிக்கிற பொறுப்பு வாடிக்கையாளர் தலையில் விழக்கூடாது. 'எங்க சிஸ்டத்துல இல்லை' என்பது பதிலே இல்லை. உன் சிஸ்டத்தில் ஏற்றாமல் விட்டது நீ, அல்லது நீ கூலிக்கு வைத்த என்னை மாதிரி ஒரு பையன். முதல் ஒரு வருஷத்துக்காவது பழைய ஃபைலைத் திறந்து பார்க்கிற மாதிரி வைத்திருக்கணும், சந்தேகம் வந்தால் வாடிக்கையாளர் சொல்வதை நம்பணும். பத்துப் பேர் பொய் சொல்லி ஏமாற்றுவார்கள் என்பார்கள். ஏமாற்றட்டும்! அந்த நஷ்டத்தை வாங்குகிற விலையில் பேசிக் குறைத்துக்கொள்.

பழைய டேட்டாவில் பாதி குப்பைதானே, புதுசாக ஆரம்பிப்பதுதான் சுத்தம் என்று என் கிளாஸ்மேட் ஒருத்தன் வாதாடினான். பாதி குப்பை என்பது உண்மை. எஸ்.முருகன் மூணு தடவை இருந்ததைச் சொன்னேனே. ஆனால் எந்தப் பாதி குப்பை என்று சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அண்ணன். அவரிடம் ஒரு அரை நாள் உட்கார்ந்து அந்தக் காலத்தை வரி வரியாகப் படித்திருந்தால் போதும். நாய் இருக்கிற வீடு உட்பட எல்லாம் சொல்லியிருப்பார். எனக்கு அது தோன்றவில்லை, மேனேஜருக்கும் தோன்றவில்லை.

முப்பத்தேழு பேர் கதை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். அண்ணன் பாதி, புது ஓனர் பாதி என்று ஒரு வழியாகப் பேசி முடித்தார்கள். நான் எல்லோருக்கும் போன் பண்ணினேன். முப்பத்தொரு பேர் எடுத்தார்கள். நாலு பேர் ஏற்கனவே இரண்டாவது தடவை பணம் கட்டிவிட்டார்கள், திருப்பித் தருவதாகச் சொல்லியிருக்கிறது, இன்னும் தரவில்லை. மீதி ஆறு நம்பரும் இப்போது உபயோகத்தில் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சைக்கிளில் போய் இரண்டு வீட்டைக் கண்டுபிடித்தேன்.

பாட்டி வீட்டு ஃபில்டர் இப்போது ஓடுகிறது. அடுத்த சர்வீஸ் எப்போது என்று என்னைத்தான் கேட்கிறார், கடையைக் கேட்பதில்லை. தேதி என் போன் காலண்டரில் இருக்கிறது, கீழே 'ரெண்டு தடவை பெல் அடி' என்ற குறிப்போடு.