மலைப் புல்லும் நம்ம குடமும்



"மரம் நடுவோம்" என்று ஊர்வலத்தில் கோஷம் போட்டோம். நானும் பள்ளியில் வேப்பங்கன்று நட்டேன். ஆனால் எல்லா இடத்திலும் மரம் நடலாமா? கூடாது என்பது என் கருத்து.

நீலகிரியின் உச்சியில் இருந்தது புல்வெளியும் சோலைக்காடும்தான். அவை மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி, கோடையிலும் ஓடையில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் அங்கே ஆஸ்திரேலியாவின் சீகை, தைல மரங்களை நட்டார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு நாமும் நட்டோம். புல்வெளி சுருங்கியது. ஓடைத் தண்ணீர் குறைந்தது. நம் மாநில விலங்கான வரையாட்டுக்கு மேய்ச்சல் போச்சு.

"நாம கடற்கரை, நமக்கென்ன?" என்கிறீர்களா? நம் தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்துதான் புன்னக்காயலில் கடல் சேருகிறது. அந்த மலையிலும் புல்வெளி உண்டு. எங்க ஆச்சி குடத்தோடு காத்து நிற்பது அந்தத் தண்ணிக்குத்தான்.

பூமி சூடாவதால் மழை கொட்டினால் ஒரேயடியாகக் கொட்டுகிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்ததே! அப்புறம் வெயில் காய்கிறது. இப்போதுதான் தண்ணீரைப் பிடித்து வைக்கும் மலை ரொம்ப முக்கியம்.

நீலகிரியில் அந்நிய மரத்தை எடுத்துப் புல் வளர்த்தால், "ஐயோ, மரத்தை வெட்டுறாங்களே" என்று திட்டாதீர்கள். வேம்பை நம் ஊரில் நடுவோம். மலை உச்சியைப் புல்லுக்கு விடுவோம்.

சிந்திப்பீர்!

— 9-ஆம் வகுப்பு மாணவி